ஹோட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, சுற்றாடல் கழகப் பொறுப்பாளர்களே, ஊர் இளைஞர் மன்றங்களில் சுற்றுலா ஒழுங்கு செய்பவர்களே,

வணக்கம்.

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு என்று எங்கிருந்து வந்தாலும், இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளிக்கு வரும் சுற்றுலாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பின்னேரம் பஸ் புறப்படும். இரவு முழுக்கப் பாட்டும் ஆட்டமும். விடியற்காலை நுவரெலியாவில் முகம் கழுவி, கிரகரி வாவியருகே காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பட்டிப்பொல நுழைவாயிலுக்கு வரும்போது 9 மணி தாண்டிவிடும். பைகளைச் சோதித்து, நடக்கத் தொடங்கி, உலக முடிவு என்று பெயர் பெற்ற செங்குத்துப் பாறையின் விளிம்பில் பிள்ளைகள் நிற்கும்போது 11.30. எதிரே சுண்ணாம்பு பூசிய சுவர்போல முகில். அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு, மழைக்குப் பயந்து ஓட்டமும் நடையுமாகத் திரும்புவார்கள். வாகனத் தரிப்பிடத்தில் பாண் துண்டுக்குக் கழுத்தை நீட்டும் ஒரு மரைதான் (பெரிய மான் வகை) அன்று அவர்கள் கண்ட காட்டு விலங்கு.

அதே நாளில் அதே பாதையில் காலை 7 மணிக்கு நடந்தவர்கள் புல்வெளியில் மேயும் மரைக்கூட்டத்தையும், மரக்கிளையில் வெயில் காயும் மந்திகளையும், பாசி படர்ந்த தண்டில் ஒட்டியிருக்கும் கொம்பு ஓணானையும் கண்டிருப்பார்கள். இடமும் கட்டணமும் ஒன்று. நேரம் மட்டுமே வேறு.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான்: உலக முடிவை அடையும் நேரத்தை இரண்டரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுங்கள்; நடையின் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். அதை எப்படிச் செய்வது, செய்யாவிட்டால் எது ஏன் பிழைக்கிறது என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறோம்.

இடத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்லிவிடலாம். கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்பில் புல்வெளியும் முகிற்காடும் மாறிமாறிக் கிடக்கும் மேட்டுநிலம் இது. 1988 இல் தேசிய பூங்காவானது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் இறங்குகிறது. முகிற்காட்டின் மரங்கள் குள்ளமாக, குடை விரித்ததுபோல் தலை பரப்பி, தண்டெங்கும் பாசி சுற்றி நிற்பதைக் காட்டிக் காரணம் கேளுங்கள். மழை பெய்யாத நாளிலும் அந்தப் பாசி முகிலிலிருந்து நீர்த்துளிகளைப் பிடித்து மண்ணில் சொட்ட விடுகிறது. மலைநாடு எங்கும் காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்திலும் இக்காடு தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்க வேண்டுமென்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873 இலேயே அரசுக்கு ஆலோசனை சொன்னார்.

இனி, முகிலின் கணக்கு. உலக முடிவில் மேட்டுநிலம் ஒரேயடியாக அறுந்து ஏறக்குறைய 870 மீற்றர் கீழே இறங்குகிறது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடுவதால் விடியலில் வானம் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தெற்கேயுள்ள தாழ்நிலம் சூடாகி, ஈரக்காற்று செங்குத்துப் பாறையோடு மேலே ஏறும். ஏறும்போது குளிர்ந்து முகிலாகும். சாதாரண நாளில் 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் இது நடந்து முடிந்துவிடும். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை தெளிந்த காலை கிடைக்கும் வாய்ப்பு கூட. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் காற்றும் இருக்கும். அந்த மாதங்களில் வந்தால் உலக முடிவு தெரியாமற் போகலாம் என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எதிர்பார்ப்பை அதில் மட்டும் கட்டிவைக்காத குழுவுக்கு முகில் நாளும் நல்ல நாள்தான், பறவைகளைப் பொறுத்தவரை பல வேளைகளில் அதுவே சிறந்த நாள்.

விலங்குகளுக்கும் தமக்கென்று ஒரு நேரக் கணக்கு உண்டு. மரைகள் இரவிலும் விடியலிலும் புல்வெளியில் மேய்ந்து, வெயில் ஏறக் காட்டுக்குள் ஒதுங்கும். பறவைகள் முதல் இரண்டு மணித்தியாலத்தில்தான் நன்றாகக் குரல் கொடுக்கும். ஓணான்கள் மாறி நடக்கும்: உடல் சூடேறிய பின்தான் வெளியே வரும், எனவே 8 மணிக்குப் பிறகு தேடலாம். நுழைவாயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது. அந்த நேரத்துக்கு நீங்கள் வாசலில் நின்றால் இவை எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்.

வாசலில் 6 மணிக்கு நிற்க வேண்டுமானால் முதல் நாள் இரவு நுவரெலியாவிலோ ஒஹியவிலோ ஹப்புத்தளையிலோ தங்கியே ஆகவேண்டும். இது செலவுதான், அறிவோம். ஆனால் இரவு முழுக்க ஓட்டிய சாரதி தூக்கக் கண்ணோடு மலை வளைவுகளில் ஏறுவது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் பூங்கா ஏறத்தாழ 32 கிலோமீற்றர். வானுக்கு ஒரு மணித்தியாலம், பஸ்ஸுக்கு ஒன்றரை வைத்துக்கொள்ளுங்கள். 4.30 க்குப் புறப்பட வேண்டும். ஒஹிய பக்கத்துப் பாதை 11 கிலோமீற்றர்தான் என்றாலும் ஒடுங்கிய, வளைவு மிகுந்த ஏற்றம். பெரிய பஸ்ஸுக்கு அதைத் தெரிவு செய்ய வேண்டாம். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கும்படி சாரதியிடம் சொல்லுங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். எரிந்த றப்பர் மணம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

குளிரைத் தாழ்நிலத்துப் பிள்ளைகள் குறைத்து மதிப்பிடுவது இயல்பு. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்கில், ஊரில் விடியலில் 25 பாகை என்றால் இங்கே 11, 12. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. தடித்த ஒரு சட்டையைவிட மெல்லிய இரண்டு மூன்று சட்டைகள் நல்லவை. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், நிற்கும்போது மீண்டும் போடலாம். குடை வேண்டாம், புல்வெளிக் காற்றில் அது நிற்காது. மழைச்சட்டை கொண்டு வரட்டும். ஒவ்வொருவர் பையிலும் ஒரு சோடிக் காலுறையும் ஒரு சட்டையும் நனையாதபடி இருக்க வேண்டும். பருத்தித் துணி நனைந்து மேலே காற்றும் அடித்தால் உடற்சூடு வேகமாக இறங்கும். விடாத நடுக்கம், உளறல், தடுமாறும் நடை கண்டால் உடனே காய்ந்த உடை மாற்றி, இனிப்புத் தேநீர் கொடுத்து, இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்த்துங்கள். இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பஸ்ஸில் இல்லாமல் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். குளிர்காற்றில் ஏற்றம் ஏறும்போதுதான் இழுப்பு வரும். குளிர்கிறதே என்று தொப்பியை விட்டுவிடவும் கூடாது. இந்த உயரத்தில் வெயில் சுடுவது தெரியாமலே தோல் எரிந்துவிடும்.

பை கட்டுவதை முதல் நாள் இரவே உங்கள் முன்னிலையில் செய்விக்க வேண்டும். பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோகத் தடை உண்டு. நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து பார்த்து, பிஸ்கட், இனிப்பு ஆகியவற்றின் உறைகளைக் கழற்றிவிட்டுத் தின்பண்டத்தை மட்டும் கொண்டுபோக விடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய சுற்றுத்தாளையும் உரிப்பார்கள். நாற்பத்தைந்து பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து உறையோடு வந்தால் அந்த வரிசையிலேயே உங்கள் பொன்னான அரை மணித்தியாலம் போய்விடும். முதல் நாளே எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பெட்டிக்கோ துணிப்பைக்கோ மாற்றிவிட்டால் ஐந்து நிமிட வேலை. லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல் வேண்டவே வேண்டாம். ரொட்டியும் கட்டிச் சம்பலும், அவித்த கடலை, வாழைப்பழம், கொஞ்சம் கருப்பட்டி போதும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர். சுற்றுப்பாதையில் கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. நடை தொடங்கும் இடத்திலுள்ள ஃபார் இன் கட்டடத்தருகே எல்லோரையும் போய்வரச் சொல்லிவிட்டே நடையைத் தொடங்குங்கள்.

பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியர், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று நிறுத்துங்கள். ஒரு குழு போய் 10 நிமிடம் கழித்து அடுத்தது. நாற்பத்தைந்து பேர் ஒன்றாக நடந்தால் நடுவில் இருக்கும் முப்பது பேருக்கு முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. தொலைபேசித் தொடர்பை நம்ப வேண்டாம். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் தாளில் எழுதி எல்லா ஆசிரியர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

சுற்றுப்பாதை மொத்தம் ஒன்பதரைக் கிலோமீற்றர். சின்ன உலக முடிவு வழியாக உலக முடிவுக்கு நான்கு, அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இரண்டு, திரும்ப மூன்றரை. நிற்காமல் நடந்தால் மூன்று மணித்தியாலம். நீங்கள் ஐந்து ஒதுக்குங்கள். பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கம் முதலில் போனால்தான் முகிலை முந்தலாம். 6.45 க்கு அடி எடுத்து வைத்தால் நின்று பார்த்து நடந்தும் 9 மணிக்கு முன் விளிம்புக்கு வந்துவிடலாம்.

முதல் ஒரு கிலோமீற்றர்தான் இந்த நாளின் வளமான பகுதி. பெரும்பாலானவர்கள் அதை இருபது நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள் என்பது எங்களுக்கு ஆறாத வருத்தம். பாதை புல்வெளி நடுவே போகும். இருபுறமும் சரிவுகளில் காட்டின் ஓரம் கரிய கோடாகத் தெரியும். விலங்கு பார்ப்பவரின் கண் அந்தக் கோட்டில்தான் இருக்க வேண்டும். புல்லும் காடும் சந்திக்கும் ஓரத்தில் மரைக்கு மேயப் புல்லும் இருக்கிறது, ஓடி ஒளியக் காடும் இருக்கிறது. 200 மீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் ஒருவரும் கதைக்காமல் நிற்க வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு காது அசையும். அந்தக் காதைச் சுற்றி ஒரு மரை உருவாகும். அதன் பின்னால் இன்னும் மூன்று. அசையாத விலங்கை மனிதக் கண் இலகுவில் பிரித்தறியாது. அசைவுக்காகக் காத்திருப்பதே முழு வித்தை.

மரைகளை எண்ணச் சொல்லுங்கள்: கொம்புள்ளவை எத்தனை, கொம்பற்றவை எத்தனை, குட்டிகள் எத்தனை, காட்டோரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன. திரும்பும்போது அதே இடத்தில் நின்று மீண்டும் எண்ணட்டும். இரண்டு எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றி வகுப்பில் ஒரு வாரம் கதைக்கலாம். மரை தலையைத் தூக்கி, காதை முன்னே குவித்து, முன்காலால் நிலத்தைத் தட்டி, வாலை நிமிர்த்திக் கட்டையான ஒற்றைக் குரல் கொடுத்தால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். அது பார்க்கும் திசையை நீங்களும் பாருங்கள். இங்கே மரையின் பெரும் பகைவன் சிறுத்தை. சிறுத்தையே கண்ணில் படுவது அரிது, அதைக் காட்டுவோம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் ஈர மண்ணில் அதன் அடித்தடம் இருக்கும். நாயின் தடத்தில் நகக்குறி விழும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் நான்கு விரற் குழியும் உள்ளங்காற் குழியும் மட்டுமே பதியும். பாதையோரத்தில் மரை மயிர் கலந்த எச்சமும் காணக் கிடைக்கும். குச்சியால் விலக்கிப் பார்க்கலாம், கையால் வேண்டாம்.

தொலைநோக்கி ஐந்து பேருக்கு ஒன்று போதும், ஆனால் கொடுக்கும் முன் சரிசெய்யக் கற்றுக்கொடுங்கள். பல பிள்ளைகள் மங்கலாகத் தெரிவதைப் பார்த்து, தமக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று எண்ணிப் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். கண்ணால் பறவையைப் பார்த்தபடியே, தலையை அசைக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். 8 மடங்கு பெருக்கம் போதும், அதற்கு மேற்பட்டது சிறு கையில் நடுங்கும்.

காட்டுப் பகுதிக்குள் நுழைந்ததும் வேகம் இன்னும் குறைய வேண்டும். பறவைகள் இங்கே தனித்தனியாக வருவதில்லை. பல இனங்கள் ஒரே கூட்டமாக இலை விலக்கிப் பூச்சி தேடியபடி கடந்து போகும். பதினைந்து நிமிடம் வெறுமையாக இருந்த மரம் திடீரென்று நிறையும். ஒரு வெள்ளைக்கண்ணியைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள், மற்றவை பின்னால் வரும். இலங்கைக்கு மட்டுமே உரிய வெள்ளைக்கண்ணி, மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, மங்கிய நீல ஈப்பிடிப்பான், காட்டுப்புறா ஆகியவை எல்லாம் இந்தப் பாதையில் காணக்கூடியவை. அரெங்கா என்று பறவை பார்ப்போர் அழைக்கும் கருநீலச் சீழ்க்கைக் குருவி மட்டும் மிகுந்த கூச்சமுள்ளது. இருள் பிரியும் வேளையில் ஓடையோரத்தில் இருக்கும், ஆள் நடமாட்டம் தொடங்கியதும் மறைந்துவிடும். பறவையை வரவைக்கத் தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடும் பழக்கம் இப்போது பரவுகிறது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, கூட்டையும் இரையையும் விட்டு ஓடிவரும் பறவை குளிர்காலையில் அதற்குச் செலவிடும் பலம் பெரிது. ஒரு நாளில் பத்துக் குழு அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓணான்களுக்காகவே இக்காட்டுப் பகுதியில் அரை மணித்தியாலம் ஒதுக்கலாம். மூக்கு நுனியில் வெள்ளை ஊசிபோல் கொம்பு நீட்டிய ஓணான், மலைநாட்டின் இந்த உயரங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஆணின் கொம்பு நீளம். பாசி படர்ந்த தண்டில், நிலத்திலிருந்து இடுப்புயரம் நெஞ்சுயரம் வரை பாருங்கள். ஓடாது, அசையாமல் இருந்தே தப்பிக்கும் இனம் இது. அதனால்தான் அதைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள், எடுத்த மரத்தை விட்டு வேறிடத்தில் வைத்துவிட்டும் போகிறார்கள். தயவுசெய்து தொட வேண்டாம், முகத்தருகே ஃப்ளாஷ் அடிக்கவும் வேண்டாம். இதனோடு வாழும் இன்னொரு சிறு ஓணான் வாலால் குச்சியைப் பற்றி நடக்கும், முட்டையிடாமல் குட்டி போடும். குளிர் மண்ணில் முட்டை பொரிப்பது கடினமாகையால் தாய் அவற்றை உடலுக்குள் சுமந்து வெயில் காய்கிறாள் என்று உயிரியல் மாணவருக்கு விளக்கலாம்.

மரக்கிளைகளில் கம்பளி போர்த்ததுபோல் அடர்ந்த மயிரோடு இருப்பவை ஊதா முக மந்தியின் மலைநாட்டு வகை. தலைக்கு மேலே ஏதோ ஒரு மரத்துக்குள் தேவாங்கும் உறங்கிக்கொண்டிருக்கலாம். இம்மலைக்கே உரிய அந்த வகை அழிந்துவிட்டதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் படங்கள் 2010 இல்தான் உலகுக்கு வெளிவந்தன. இரவு விலங்கு என்பதால் நீங்கள் அதைக் காணப்போவதில்லை. ஆனால் ஒலிபெருக்கியோடு நடக்கும் குழு அதன் படுக்கையறை வழியே நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், பிறகு ஒலிபெருக்கியை நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையிராது.

காட்டின் அடியில் முழங்கால் முதல் தலையுயரம் வரை அடர்ந்து நிற்கும் நெலு, நமது குறிஞ்சியின் இனத்தது. பன்னிரண்டு ஆண்டு அளவில் ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து, ஒன்றாகவே மாண்டுபோகும் வகைகள் அதில் உண்டு. 2013 இல் அப்படிப் பூத்தது. விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் அங்கே கூடும். குறிஞ்சித் திணையை ஏட்டில் படிப்பிக்கும் தமிழாசிரியர் ஒருவரும் இந்தச் சுற்றுலாவில் வரவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

நடப்பதைப் பற்றி ஒரு கண்டிப்பான வேண்டுகோள். மழை நாளில் பாதையின் நடுவே சேறு நிற்கும். சப்பாத்து அழுக்காகுமென்று புல்லில் விலகி நடந்தால் புல்லின் வேர் நசுங்கும், அடுத்த மழையில் அந்தக் கரிய மண் கரையும், பாதை ஒரு முழம் அகலும். அடுத்தவர் இன்னும் விலகி நடப்பார். இப்படித்தான் ஓரடிப் பாதை ஓடையாகிறது. சேற்றின் நடுவாலேயே நடக்க வேண்டும். செருப்பு போதாது என்பதற்கும் இதுவே காரணம். ஊரிலிருந்து வரும்போது சப்பாத்தின் அடியைக் கழுவி வாருங்கள். மஞ்சட் பூவும் முள்ளுமாகப் புல்வெளியில் பரவிக்கிடக்கும் ஐரோப்பியப் புதரைக் காட்டி, வெளியிலிருந்து வந்த ஒரு செடி என்ன செய்யும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கலாம்.

உலக முடிவில் விளிம்பிலிருந்து மூன்று மீற்றருக்கு இப்பால் எல்லோரையும் உட்கார வைத்துவிடுங்கள். நிற்பவர்தான் தடுக்கி விழுவார். பாறை முனையில் வளரும் புல்லுக்கு அடியில் பாறை இல்லாமலும் இருக்கலாம், பனியில் நனைந்த பாறை சோப்புப் போல வழுக்கும். படம் எடுக்க ஒரே ஓரிடம், ஒரு தடவைக்கு இருவர், பக்கத்தில் ஓர் ஆசிரியர். தெளிந்த காலையில் தெற்கே நீர்த்தேக்கங்களும், மிகத் தெளிந்த நாளில் கடலின் கோடும் தெரியும். ஆனால் நேர் கீழே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நொன்பரேல் தேயிலைத் தோட்டம் இருக்கிறது; லயன் கூரைகள் தீப்பெட்டி அளவில் தெரியும். உலக முடிவு என்று பெயரிட்ட இடத்துக்குக் கீழே தேயிலை பறிக்கும் நம்மவர் வாழ்கிறார்கள். விளிம்பிலிருந்து எறியும் போத்தலும் கல்லும் மறைந்துபோவதில்லை. அவர்களின் ஊருக்கு மேலுள்ள காட்டில்தான் போய் விழுகின்றன.

பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர் உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியிருந்து, நாய்களை விட்டு மரை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயர் அதற்கு. இறங்கும் வழி வழுக்கும், நீரில் இறங்க விடாதீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் புல்வெளிப் பாதையில் பிள்ளைகள் களைத்திருப்பார்கள். சாப்பிட்டதன் மிச்சத்தை எறிவதும் இங்கேதான். வாழைத்தோல்தானே, உக்கிவிடும் என்று சொல்லாதீர்கள். இந்தக் குளிரில் அது உக்க நெடுநாள் எடுக்கும், அதற்கு முன்பே ஒரு குரங்கோ மரையோ அதைத் தின்று, மனிதரின் பையில் சாப்பாடு உண்டு என்று படித்துக்கொள்ளும்.

திகதியைப் பற்றியும் சொல்லவேண்டும். போயா விடுமுறை, நீண்ட வார இறுதி, நுவரெலியாவில் கூட்டம் நிறையும் ஏப்ரல் ஆகியவற்றைத் தவிர்த்துப் பாடசாலை நடக்கும் வாரத்தின் செவ்வாய், புதனில் வாருங்கள். மாணவருக்கான கட்டணம், தேவைப்படும் கடிதம் ஆகியவற்றை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டால் வாசலில் பேரம் பேசி நேரம் போகாது. முடிந்தால் ஓர் ஆசிரியர் முன்னதாகவே ஒருமுறை வந்து பாதையை நடந்துவிட வேண்டும். கிரிகல்பொத்த மலைக்கும் போகலாமா என்று கேட்கும் குழுக்களும் உண்டு. ஏறத்தாழ 2,390 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு ஒரு வழி மட்டும் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். அது பழகிய கால்களுக்கான தனி நாள், பாடசாலைச் சுற்றுலாவோடு சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, நாங்கள் மிகவும் வேதனையோடு எழுதும் பகுதி. வாகனத் தரிப்பிடத்து மரை.

மரை அசைபோடும் விலங்கு. அதன் முதல் வயிற்றறையில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்புல்லை மெல்லமெல்லச் செரிக்கப் பழகியவை. பாணும் பிஸ்கட்டும் மாப்பொருள். அவை அங்கே வேகமாகப் புளித்து அமிலமாகும், அமிலம் ஏற அந்த நுண்ணுயிர்களே மடியும். வெளியே பார்க்க உருண்டு திரண்டு நிற்கும் மரை உள்ளே நோயாளியாகலாம். உப்பும் எண்ணெயும் பட்ட உறையை அது தாளோடு விழுங்கும். பொலித்தீன் அந்த அறையை விட்டு முன்னும் போகாது, பின்னும் வராது. உருண்டையாகச் சேர்ந்து, வயிறு நிறைந்த உணர்வோடே விலங்கைப் பட்டினி போடும். வயிற்றில் பொலித்தீனோடு இறந்த மரைகள் இந்தச் சமவெளியில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. கொம்புள்ள ஆண் மரை தலையைத் திருப்பும் ஒரு கணத்தில் பிள்ளையின் கண் போகலாம் என்பதும் உண்மை. அதை இரண்டாவதாகத்தான் சொல்கிறோம். முதலாவது அந்த விலங்கின் வாழ்வு.

சுற்றுலாவுக்கு முன் பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: விலங்குக்கு உணவு கொடுத்தால் அந்தப் பிள்ளை மிச்ச நேரம் ஆசிரியரின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பகற் சாப்பாட்டைத் தரிப்பிடத்தில் வெளியே விரிக்காமல் பஸ்ஸுக்குள், கதவை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். மரை வந்து படியருகே நிற்கும், கழுத்தை நீட்டிக் கதவை மோந்து பார்க்கும். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கொடுக்காமல் இருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் புல் பக்கம் திரும்பும். அது தலையைக் குனிந்து மேயத் தொடங்கும்வரை பஸ்ஸை எடுக்க வேண்டாம் என்று சாரதியிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளை யன்னலால் பார்க்க விடுங்கள்.

அன்புடன்,
ஹோட்டன் சமவெளிப் பாதைகளில் நடப்போர் சிலர்